தரிசு நிலத்தில் தக்காளி

எங்கள் வேளாண் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் தக்காளிக்காரர். கடல் நீர் புகுந்து அவருடைய நிலம் உப்பாகிப் போனது. அப்படிப்பட்ட நிலத்தில் ஐந்து வருடம் எதுவும் விளைவிக்காமல் போட்டுவைத்தால் அரசு மானியம் தரும். சும்மா இருப்பதற்குச் சம்பளமா என்று ஊரில் வயிறு எரிந்தவர்கள் உண்டு. அவர் சும்மா இருந்த அழகை நான் பார்த்திருக்கிறேன். மனைவி இறந்துவிட்டாள், மகள் எங்கோ தொலைவில். பேசுவதற்கு ஆள் கிடையாது.

வருடம் ஒருமுறை போய், நிலம் தரிசாகத்தான் கிடக்கிறதா என்று பார்த்து எழுதுவது என் வேலை. பத்து நிமிடம்கூட ஆகாது. முதல் வருடம் வாசலில் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தார். நான் நின்றுகொண்டே கையெழுத்து வாங்கிக் கிளம்பிவிட்டேன்.

இரண்டாம் வருடம் வயலின் மூலையில் பத்துத் தக்காளிச் செடி.

"காத்துல விதை வந்து விழுந்திருக்கும் தம்பி."

"காத்தே குச்சி நட்டுக் கயிறும் கட்டிட்டுப் போயிடுச்சா ஐயா?"

அவர் சிரித்துவிட்டார். வீட்டுப் பக்கத்திலிருந்து நல்ல மண்ணைச் சுமந்து வந்து கொட்டி வளர்த்திருந்தார். விதிப்படி நோட்டீஸ் கொடுத்தேன். பதினைந்து நாளில் செடியைப் பிடுங்க வேண்டும், பிடுங்கியதை நான் மறுபடி வந்து பார்க்க வேண்டும். போனபோது மூலை சுத்தமாக இருந்தது. அன்று உட்கார்ந்து டீ குடித்தேன். மகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

மூன்றாம் வருடமும் அதே மூலை, அதே பத்துச் செடி. இது தக்காளிக்காக இல்லை என்று மரமண்டையான எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயா, இன்னொரு தடவை இப்படின்னா பணம் நின்னுடும். எதுக்கு இந்த வேலை?"

"நட்டாத்தானே நீங்க ரெண்டு தடவை வர்றீங்க" என்றார்.

அன்றும் உட்கார்ந்து டீ குடித்தேன். ஆனால் நோட்டீஸைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

இந்த வருடம் அலுவலகத்தில் செயற்கைக்கோள் படம் வந்துவிட்டது. யாரும் நேரில் போகத் தேவையில்லை. பஸ் அலைச்சல் மிச்சம் என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். வழக்கமாகப் போகும் மாதம் தாண்டியது, அடுத்த மாதமும் தாண்டியது. வயல் முழுக்க நான்கு நீள வரிசைப் பச்சையோடு அவர் நிலத்தின் படம் வந்தது. என்னை எதிர்பார்த்து எதிர்பார்த்துக் கூடுதலாக நட்டிருக்கிறார். மேலதிகாரி படத்தை அரை நிமிடம் பார்த்தார், பட்டியலிலிருந்து பெயரை அடித்தார். கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்.

நான்கு நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"லெட்டர் வந்துச்சு தம்பி. பணம் போனாப் போகுது. செடி எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். என்னைக்குப் பாக்க வர்றீங்க?"

"பேரை எடுத்துட்டாங்க ஐயா. இனிமே ஆய்வு கிடையாது."

"அப்போ பிடுங்கினேனா இல்லையான்னு யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க வேண்டியதில்லை ஐயா."

அரை மணி நேர பஸ் தூரம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் மேஜையில் இன்னும் அறுபது நிலங்களின் படங்கள் இருந்தன.

"சரி தம்பி" என்றார். அவர் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.