டிபி கேட்டுக் கட்டிய பிராது

என் ஓரகத்தி புதுச் சங்கிலி போட்டபோதுகூட எனக்கு அவ்வளவு வயிறு எரியவில்லை. அவள் வீட்டுக்காரருக்கு டிபி வந்தபோதுதான் பொறாமை தாங்கவில்லை.

அண்ணன் தம்பி இருவருக்கும் பீங்கான் பட்டறையில்தான் வேலை. அண்ணன் ஃப்யூஸ் கட்டைகளை வைக்கோல் சுற்றி அடுக்குவார். தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், கல்லை மாவாக அரைக்கும் மில்லில் இருந்தார். வீடு திரும்பும்போது புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். மூக்கில் கட்டிய துண்டுதான் பாதுகாப்பு. ஒரே வருஷத்தில் இருவருக்கும் இருமல் பிடித்தது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் சோதனைக்குச் சளி கொடுத்தார்கள். அண்ணன் சளியில் கிருமி இருந்தது. இவர் சளியில் இல்லை.

ஓரகத்தி அழுதாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அது ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

அண்ணனுக்கென்று மாத்திரைப் பெட்டி ஒன்று வந்தது, மேலே அவர் பெயர் எழுதி. அப்போது புதிதாக வந்த திட்டம், பைசா செலவில்லை. தெருக்கோடி பால்வாடி டீச்சர் எதிரில் அவர் அதை விழுங்க வேண்டும். போகாவிட்டால் டீச்சரே வீடு தேடி வருவார். "ஏங்க வரல, உடம்பு எப்படி இருக்குது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பார். எங்கள் வாசலில் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் இவரைத் தாண்டித்தான் அண்ணன் வாசலுக்குப் போவார். டிபிக்கு ஆட்டோவில் மைக் கட்டிப் பேசினார்கள். என் வீட்டுக்காரர் இருமலுக்கு யார் மைக் கட்டுவது?

ஓரகத்தியாவது சும்மா இருந்தாளா? "நேத்து இன்னும் ரெண்டு இட்லி கேட்டு வாங்கித் தின்னாரும்மா. எடை ஏறியிருக்குதாம்" என்பாள். "நல்லதுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை வேகமாகத் தேய்ப்பேன்.

பொறுக்க முடியாமல் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் பிராது கட்டப் போனேன். நம் வழக்கைச் சாமியிடம் சீட்டில் எழுதிக் கட்டிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எழுதிக் கொடுப்பவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"வியாதி போவணும்னுதானேம்மா எழுதணும்?"

"டிபி வரணும்னு எழுதுங்க. அண்ணனுக்குக் குடுத்தத தம்பிக்கும் குடுக்கச் சொல்லுங்க."

மறுபடி இவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கிருமி இல்லம்மா. கல்லுத் தூசி நுரையீரல்ல படிஞ்சிருக்குது. இனிமே அந்த வேலைக்கு அனுப்பாதீங்க."

"மாத்திரை எத்தினி மாசத்துக்குங்க?"

"இதுக்குக் குணமாக்குற மாத்திரை இல்லம்மா."

வைத்தியச் செலவு கேட்டு மில் முதலாளியிடம் போய் நின்றேன். "டிபி இல்லன்னா நல்லதுதானேம்மா" என்றார்.

இவர் வேலையை விட்டார். அண்ணனுக்கு இருமல் நின்று, கன்னத்தில் சதை பிடித்தது. வைக்கோல் சுற்றும் வேலைக்கு அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஒருநாள் காலையில் ஓரகத்தி கிண்ணத்தில் கேசரியோடு வந்தாள்.

"தம்பி இருந்த மில்லுலயே இவர சேத்துக்கிட்டாங்கம்மா. கூலியும் கூட."

எனக்குக் கிண்ணத்தை வாங்கக் கை நீளவில்லை. "வேணாங்க்கா. அந்தத் தூசிதான் எங்க வூட்டுக்காரர இப்படி ஆக்கிப்புட்டுது. டாக்டரே சொன்னாரு. அனுப்பாதீங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவர் எழுந்து நடமாடறது உனக்குப் பொறுக்கல. எனக்குத் தெரியாதா?"

தெரியாமல் இருக்குமா? இத்தனை மாதம் என் மூஞ்சியைப் பார்த்தவள்தானே. "நீங்களாவது சொல்லுங்க" என்று கட்டிலில் இருந்தவரிடம் கெஞ்சினேன். "அண்ணி..." என்று ஆரம்பித்தார். இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்குவதற்குள் அவள் போய்விட்டாள்.

மறுநாள் அண்ணன் எங்கள் வாசல் வழியாக மில்லுக்குப் போனார். எதிர்க்காற்றில், சீட்டைவிட்டு எழுந்து, சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். ஓடிப்போய் மறிக்கலாமா என்று நினைத்தேன். அவர் மூச்சு வாங்காமல் மேட்டில் ஏறுவதைப் பார்த்து, அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.