கொடுத்துவைத்த வாள்

எங்கள் நன்னா வீட்டில் ஒரு ஜப்பான் வாள் இருந்தது என்று சொன்னால் இப்போதும் யாரும் நம்புவதில்லை. நன்னா என்றால் அம்மாவைப் பெற்றவர். தேனி ஜில்லாவில் அரிவாள் இல்லாத வீடுதான் அதிசயம். ஆனால் உத்தமபாளையத்தில், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே, ஜப்பான்காரர் வாளுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் அத்தா, அதாவது அப்பா, கல்யாணமான நாள் முதல் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நன்னா வாலிப வயதில் மலாயாவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். யுத்தத்தில் ஜப்பான் தோற்று, வெள்ளைக்காரர்கள் அந்தப் பட்டாளத்தின் ஆயுதங்களைப் பறிக்கத் தொடங்கிய வாரத்தில், வாடிக்கையாகத் தீப்பெட்டி வாங்க வரும் ஜப்பான் அதிகாரி ஒருவர் பட்டப்பகலில் கடைக்கு வந்தார். இடுப்பிலிருந்த வாளை உறையோடு கழற்றி, வெட்டும் பக்கம் தன்னைப் பார்த்திருக்கும்படி இரண்டு கையாலும் நீட்டினார். நன்னா வாங்கிக்கொண்டதும் குனிந்து வணங்கி, ஏழெட்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அந்த ஏழெட்டில் நன்னாவுக்கு ஒன்றுகூடப் புரியவில்லை. வைத்திரு, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டார். போனவர் வரவே இல்லை. நாலைந்து வருஷம் காத்திருந்துவிட்டு, கடையைக் கைமாற்றிக் கொடுத்து, வாளைக் கோரைப்பாய்க்குள் சுருட்டிக்கொண்டு நன்னா கப்பல் ஏறினார்.

"அவன் சுமக்க மாட்டாம வச்சுட்டுப் போயிருப்பான். இவுக அம்பது வருசமாச் சுமக்குறாக" என்பது அத்தாவின் கட்சி.

நன்னா மௌத்தாகும்போது தன் மகனிடம், அதாவது என் மாமுவிடம், கடைசியாகச் சொன்னது அந்த வாளைப் பற்றித்தான். அது அமானிதம், உரியவர் வீட்டில் சேர்த்துவிடு என்றாராம். அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். திருப்பிக் கொடுக்கும்வரை அதைக் காப்பாற்றியாக வேண்டும், அனுபவிக்கக் கூடாது. வீட்டில் யாரும் அதை வாள் என்றோ கத்தி என்றோ சொல்வதில்லை. "அமானிதத்துக்கு எண்ணெய் போட்டாச்சா?" என்றுதான் பேசுவார்கள். அமானிதம் என்பது வாளுக்கு ஜப்பான் பாஷையில் பெயர் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை அப்படியே சொல்லியும் வைத்தேன்.

மாமுவுக்கு ஏலக்காய்த் தரகு. குமுளி மலையில் ஏறினால் மலையாளம், இறங்கினால் தமிழ். எந்தப் பாஷையிலும் வாய் ஓயாது. அப்படிப்பட்டவர் வாய் மூடியிருக்கும் நேரம் மாதத்தில் ஒரு கால்மணிதான். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து மாடி அறையில் வெள்ளைத் துணி விரித்து, வாயில் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கவ்விக்கொண்டு வாளுக்கு முன் உட்கார்வார். மூச்சும் எச்சிலும் இரும்பில் படக்கூடாதாம். வெட்டுவாய் மேலே பார்த்திருக்க, உறையின் மரத்தில் உரசாமல், முதுகுப் பக்கத்தில் சறுக்கவிட்டு மெதுவாக உருவுவார். மெல்லிய காகிதத்தால் பழைய எண்ணெயைத் துடைப்பார். பட்டுத்துணியில் முடிந்த பஞ்சுருண்டை ஒன்று வைத்திருந்தார். அதற்குள் மாவாக அரைத்த கல்பொடி. அதை வாளின் நீளத்துக்கும் தட்டித் தட்டிப் போடுவார். பிறகு பொடியைத் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் பூசுவார். தையல் மெஷின் எண்ணெயில் நாலு சொட்டுக் கிராம்புத் தைலம் கலந்தது அது. அறை முழுக்கக் கிராம்பு மணக்கும். ஜப்பான் என்பது பிரியாணி வாசம் வீசுகிற தேசம் என்று எனக்கு ஓர் எண்ணம் விழுந்துவிட்டது.

இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது கொச்சியில் மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு மலையாளி நண்பர். அங்கே சரக்கு வாங்க வரும் ஜப்பான்காரர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டு எழுதி அனுப்புவார். வாயிலிருந்து காகிதத்தை எடுத்ததும் மாமு கால்மணி நேர மௌனத்துக்கும் சேர்த்துப் பேசித் தீர்ப்பார். இரும்பை மடித்து மடித்து அடிப்பார்களாம். அடித்து முடித்ததும் களிமண்ணை முதுகில் கனமாகவும் விளிம்பில் மெல்லிசாகவும் பூசி, நெருப்பில் பழுக்கவைத்துத் தண்ணீரில் முக்குவார்களாம். வளைவு அப்போது தானாக விழுமாம். விளிம்பு கடினப்படும், முதுகு இளகியிருக்கும், அதனால்தான் முறியாதாம். வாளைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டுவார். விளிம்பை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு, மழைக்காலத்தில் மேகமலை அடிவாரத்தில் நிற்கிற பனிபோல ஓடும். அந்தக் கோட்டை யாரும் வரையவில்லை. களிமண்ணும் தண்ணீரும் சேர்ந்து போட்டது. அதைவிட அழகான ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒருநாள் கொச்சியிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாமு கண்கலங்கிவிட்டார். வெட்டுவாயைத் தன் பக்கம் வைத்து ஒருவர் வாளை நீட்டினால், உன்னை முழுக்க நம்புகிறேன் என்று அர்த்தமாம். "பாத்தியா, எங்க அத்தா சரியாத்தேன் புரிஞ்சிருக்காக" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் அத்தாகூட அன்று எதிர்த்துப் பேசவில்லை.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளும் அரையாண்டு லீவும் சேர்ந்து வந்தன. எனக்கு ஒன்பது வயது. பெருநாள் கழிந்து நாலாம் நாள் அந்த ஜப்பான்காரர் கொச்சிக்கு வருவதாகத் தகவல் வந்திருந்தது. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பில், ஒரு பக்கம் செய்த கொல்லன் பெயரும், மறுபக்கம் செய்யச் சொன்ன குடும்பத்தின் பெயரும் உளியால் வெட்டியிருக்கும். அதன் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துக் கொண்டுவந்தால் குடும்பத்தைத் தேடிப் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். மாமு முன்பு ஒருமுறை போட்டோ எடுத்தார். வெறும் கறுப்பாக விழுந்தது. பார்த்து வரைந்து அனுப்பினார். கோழி கிளறியதுபோல் இருக்கிறது என்று பதில் வந்தது. இந்தத் தடவை தப்பாது என்று நோன்பின் கடைசி வாரம் முழுக்க அதே பேச்சுத்தான்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, கைப்பிடியைக் கழற்றினார். திருக்கை மீன் தோல் சுற்றி, மேலே நாடா பின்னிய கைப்பிடி அது. அத்தனை பெரிய வாளைக் கைப்பிடியோடு பிடித்து நிறுத்துவது விரல்கடை அளவுகூட இல்லாத ஒரு மூங்கில் ஆணி. அதைத் தட்டி எடுக்கும்போது அது விரிந்துவிட்டது. காய்ந்த மூங்கில் தேடிக் கிளம்பிய மாமு, வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "ஏம்மா, அந்த வாள்ல மட்டும் கை வச்சிராத. வெரல் பட்ட எடம் துருப் புடிச்சிரும்."

நான் வாளில் கை வைக்கவில்லை. அது மட்டும் சத்தியம்.

ஆனால் கைப்பிடிக்குள் இருந்த இரும்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கரிச்சட்டியின் அடிபோல ஒரே கறுப்பு. இவ்வளவு சுத்தம் பார்க்கிற மாமு இதைத் துலக்காமல் விட்டிருக்கிறாரே என்று எனக்குத் தாங்கவில்லை. ஆம்பளைகள் ஏனத்தின் அடியைத் துலக்க மாட்டார்கள் என்று அம்மா தினம் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். கீழே அம்மா பெருநாளுக்காக வீட்டுப் பித்தளையை எல்லாம் கொல்லையில் குவித்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. குத்துவிளக்குபோல ஆக்கிவிடுவேன் என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை சொல்லியிருந்தார். ஒரு உருண்டைப் புளியும் செங்கல் பொடியும் மாடிக்குக் கொண்டுபோனேன். கதவுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் விட்டுப்போன உப்புத்தாளும் ஜன்னலில் கிடந்தது.

வாள் பகுதியைத் துணியால் பத்திரமாகச் சுற்றிவிட்டு, கறுப்பை மட்டும் தேய்த்தேன். மேலே தெரிந்த பக்கத்தை மூச்சுப் பிடித்து ஒரு மணி நேரம் தேய்த்திருப்பேன். பழுப்புத் தண்ணீராக இறங்கி, அடியிலிருந்து வெள்ளை இரும்பு சிரித்தது. மறுபக்கம் திருப்பியபோது கை வலி எடுத்துவிட்டது. பேருக்கு இரண்டு தேய்ப்பு தேய்த்துத் துடைத்துவைத்தேன். அந்தக் கறுப்புத் துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி, முந்நூறு வருஷமானாலும் அதைத் தொடவே மாட்டார்கள் என்பதெல்லாம் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

மாமு மூங்கில் துண்டோடு வந்தார். பார்த்தார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீயாம்மா தேச்ச?"

"ஆமா மாமு. புளி போட்டு."

மூங்கில் துண்டைக் கீழே வைத்துவிட்டு, "நல்லாத் தேச்சிருக்க" என்றார். பிறகு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு காகிதம் போதுமாக இருந்தது. நான் மினுக்கிய பக்கத்துக்கு மட்டும் ஏழு காகிதம் எடுத்தார். என் வேலை அவ்வளவு பிடித்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

பெருநாள் கழிந்து கொச்சிக்குப் போனவர் இரண்டு நாளில் திரும்பினார். அத்தா, அம்மா எல்லோரும் கூடத்தில் சுற்றி உட்கார்ந்தோம். கப்பலைப் பற்றிச் சொன்னார், ஜப்பான்காரர் குனிந்து சலாம் சொன்னதைச் சொன்னார், அவர் தந்த பச்சைத் தேயிலையின் கசப்பைச் சொன்னார். நான் என் பெயர் வருகிற இடத்துக்காகக் காத்திருந்தேன்.

"பேரு கெடச்சுச்சா அண்ணே?" என்று அம்மா கேட்டார்.

"செஞ்சவுக பேரு தெரிஞ்சிருச்சு. பெரிய கொல்லராம். வச்சிருந்தவுக பேருதேன் இல்ல. அந்த எழுத்து நம்ம அத்தா காலத்துலயே தேஞ்சு போயிருக்கும்மா."

"மாமு, நாந்தேன..." என்று ஆரம்பித்தேன். மாமு சட்டென்று பையைத் திறந்து, கொச்சியில் வாங்கிய கண்ணாடி வளையலை என் கையில் போட்டு, அம்மாவுக்குச் சேலையை எடுத்து விரித்துப் பேச்சை மாற்றிவிட்டார்.

பின்னாலேயே மாடிக்குப் போனேன். புது மூங்கில் ஆணியைப் பொருத்திக்கொண்டிருந்தார். இனிமேல் இது நம்முடையதா என்று கேட்டேன்.

"நம்மளது இல்லம்மா. யாருக்குக் குடுக்கணும்னுதேன் தெரியாமப் போச்சு."

அதைக் கேட்டு நான் வருத்தப்பட்டதாக நினைவில்லை. என் கோபம் வேறு. அத்தனை கதை சொன்னவர், ஒரு மணி நேரம் கை நோக நான் தேய்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போதாததற்கு, எழுத்து முன்பே தேய்ந்துவிட்டது என்று பொய் வேறு. நல்ல வேலையை மறைப்பதற்கும் ஒரு மனசு வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வளையலைக் கழற்றி அவர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. காலையும் மாலையும் வந்து, என் முன்னால் குத்தவைத்து, "மாமு மேல கோவமா?" என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், போனால் போகிறதென்று, மாமுவை மன்னித்துவிட்டேன்.