பக்கத்துக் காம்பரா ரேடியோ

அப்பா எங்களை அடித்ததாகவே எனக்கு நினைவில்லை. சொன்னால் அக்கா சண்டைக்கு வருவாள். "எப்படிடா மறந்த? தெனமுந்தான அடி வாங்குனோம்!" அவள்தான் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். என் நினைவில் இருப்பதெல்லாம், தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவிலிருந்து சுவர் தாண்டி வந்த ரேடியோப் பாட்டு மட்டுமே. அந்தப் பாட்டுகளை இன்றும் வரி தவறாமல் பாடுவேன்.

போன மாதம் அந்தப் பழைய லயத்தைப் பார்க்க அக்கரப்பத்தனைக்குப் போயிருந்தேன். அந்தக் காம்பரா மாமியிடம், "ஒங்க வீட்டு ரேடியோவ மறக்கவே முடியலங்க மாமி" என்றேன்.

மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்கப்பா அடிக்க ஆரம்பிச்சா எங்க புள்ளைங்க பயந்து அழுவுங்க தம்பி. அதான் சத்தத்தக் கூட்டி வைப்போம்."

எனக்கு எத்தனை பாட்டு தெரியும் என்று எண்ணிப் பார்க்கவே இப்போது பயமாக இருக்கிறது.