சூரைமீனுக்குள் ஒரு மாத்திரை

அந்தமானின் ஹட் பேயில் எங்கள் வீட்டு நாய்க்குக் கப்பல் பைத்தியம். சங்குச் சத்தம் கேட்டால் போதும், கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்கு ஓடிவிடும். புயல் எச்சரிக்கைக்கு முன் கிளம்பிய கடைசிக் கப்பலை வழியனுப்ப ஓடியபோது ஜீப்பில் அடிபட்டுப் பின்னங்கால் முறிந்தது. அது அழுத அழுகையை என்னால் தாங்க முடியவில்லை. கால்நடை டாக்டரான மாமாவோ பதினாறாவது கிலோமீட்டர் என்ற ஊரில் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் முதுகுவலி மாத்திரைகள் போர்ட் பிளேரிலிருந்து வர வேண்டும். அடுத்த கப்பல் எப்போது என்று தெரியாததால், இருந்த ஒரே அட்டையைப் பீரோவில் பூட்டாத குறையாக வைத்திருந்தாள். அதிலிருந்து ஒன்றை எடுத்து, பொரித்த சூரைமீன் துண்டுக்குள் செருகி நாய்க்கு ஊட்டினேன். எட்டு வயதில் என்னைவிடப் பெரிய டாக்டர் அந்தத் தீவில் யாரும் இல்லை.

மாமா வந்ததும் சிரிஞ்சில் வலிமருந்தை ஏற்றினார். சொன்னால் அம்மா தோலை உரித்துவிடுவாள். நான் வாயே திறக்கவில்லை. ஊசி போடக் குனிந்தவர், நாய் ஏன் இப்படிச் சொக்குகிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அதன் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். நான் ஊசி பிடித்த கையைப் பற்றிக்கொண்டேன்.

"மாமா, அம்மாவோட தவா, அந்த முதுகுவலி மாத்திரை, ஒண்ணு குடுத்துட்டேன்."

மாமா திட்டவில்லை. அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பெயரைப் படித்தார். சிரிஞ்சிலிருந்ததில் பாதிக்கு மேல் தரையில் பீய்ச்சிவிட்டு, மிச்சத்தை மட்டும் போட்டார்.

"ரெண்டும் ஒரே வகை மருந்து பாப்பா. டீக் ஹை, இது போதும்."

போதத்தான் செய்தது. கட்டுப் போடும்போதுகூட நாய் முனகவில்லை. அப்பாடா என்றிருந்தது. அம்மாவும் முறைத்ததோடு விட்டுவிட்டாள். மாமா மட்டும் நாயின் விலாவில் கை வைத்தபடி, வாட்சைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் அது எழுந்து தண்ணீர் குடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். வைத்த டீ ஆறிப்போனது. அவருக்கு நாய்மேல் இத்தனை பாசமா என்று நினைத்தேன். வைத்தியத்தில் பாதி என்னுடையது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டும் திரிந்தேன்.

பல வருடங்கள் கழித்து, மெயின்லேண்டில் கால்நடை மருத்துவம் படிக்கையில் எலிச் சோதனைகளைப் பற்றிய பாடம் வந்தது. அம்மாவின் மாத்திரையும் மாமாவின் ஊசியும் சேர்ந்த அதே வகை வலிமருந்துகளில் இரண்டைச் சேர்த்தால் சிலசமயம் சிறிய அளவிலேயே வலி நன்றாக அடங்குமாம். சில ஜோடிகளில் ஒன்று மற்றதைக் கெடுத்துவிடுமாம். அளவு மிஞ்சினால் மூச்சு அடங்கிப்போகும் என்றது அடுத்த வரி. மாமா விலாவில் வைத்த கையும் பார்த்த வாட்சும் அப்போதுதான் புரிந்தன.

பிறகு மாமாவுக்குப் போன் போட்டு, அன்று நிமிடத்துக்கு எத்தனை மூச்சு எண்ணினார் என்று கேட்டேன்.

"கணக்கு ஞாபகமில்ல பாப்பா," என்றார். "நீ வாயைத் திறக்கலேன்னா முழு ஊசியும் போட்டிருப்பேன். எண்ணவே வேண்டியிருந்திருக்காது."