முசியேயின் கோட்டில் வைத்த மஞ்சள்

திங்கட்கிழமைகளில் நான் இன்னொருவருடைய புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரிக்கிறேன். பாரிஸில் இதற்கும் சம்பளம் உண்டு என்றால் எங்கள் தேயிலை மலை மடுல்சீமையில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். நான் வீட்டுவேலை பார்ப்பது ஒரு முசியேயிடம், நம் பேச்சில் ஐயா. அவர் எந்த வேலைக்கும் போவதில்லை. உடுத்துவதுதான் அவருக்கு வேலை. ஃபேஷன் ஷோக்களில் முதல் வரிசை நாற்காலி, பெரிய இடத்து விருந்துகள், பத்திரிகைகளில் படம், ஒரு நாளைக்கு மூன்று உடுப்பு. ஆனால் உடுப்பு புதிது என்று யாருக்காவது தெரிந்துவிட்டால் மானம் போய்விடுமாம். நேற்றுப் பணம் பார்த்தவன்தான் புதிதாகத் தெரிவானாம். அதனால் திங்கட்கிழமை தைத்து வரும் கோட்டை முதல் ஒரு வாரம் நான் போட்டுப் பழக்கிக் கொடுக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் ஒரே அளவு. என்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தானோ என்று இன்றும் சந்தேகம்.

முதல் கோட்டின்போது எனக்கு இது விளங்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு, பதுளை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடையில் ஆறு வருடம் துணி மடித்தவன் நான். கசங்கினால் ஏச்சு விழும். அந்தப் பயத்தில் கையை மடக்காமல், உட்காராமல் ஒரு வாரம் நின்றே வேலை செய்தேன். முசியே கோட்டின் முழங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, நான் அதைப் போடவே இல்லை, ஏமாற்றுகிறேன் என்று கோபித்தார். பத்திரமாகப் பார்த்துக்கொண்டதை அவருக்குப் புரியவைக்க என் பிரெஞ்சு போதவில்லை. எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் இதெல்லாம் தலைகீழ். அண்ணன் போட்டு முடித்த சட்டைதான் எனக்கு வரும். முழங்கை மடிப்பு அண்ணனுடையதாகவே இருக்கும். தீபாவளியன்று அவனுடைய புதுச் சட்டையின் காலருக்குள் அம்மா மஞ்சள் தொட்டு வைப்பார். என் சட்டையில் போன வருடத்து மஞ்சள் மங்கிக் கிடக்கும்.

போன மாதம் வெள்ளை லினன் கோட்டோடு இருந்தபோது அம்மா வீடியோ கோலில் பார்த்துவிட்டார்.

"புதுசுக்கு மஞ்ச வச்சியாடா?"

கோட்டு என்னுடையது இல்லை என்றேன்.

"யாரு துணியா இருந்தா என்னா, மொதல்ல ஒடம்புல போட்டது நீதானே. வச்சுரு சாமி."

அன்று காலையில்தான் மெத்ரோ ரயில் கதவில் என் விரல் நசுங்கியிருந்தது. வதிவிட அட்டை முடிய மூன்று வாரம் இருந்தது. புதுப்பிக்க முசியேயின் வேலைக் கடிதம் வேண்டும். அவரோ பிறகு, பிறகு என்று தள்ளிக்கொண்டே இருந்தார். எல்லாம் சேர்ந்து பயம் பிடித்துக்கொண்டது. கறிக்கு வைத்திருந்த மஞ்சளை நனைத்துக் காலருக்குள் ஒரு பொட்டு வைத்தேன். காய்ந்த பிறகுதான் புத்தி வந்தது. துணிக்கடையில் இருந்தவனுக்கு, லினனில் மஞ்சள் போகாது என்று தெரியாதா? சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். பொட்டு சிவந்து இன்னும் பெரிதானது.

முசியே கண்டுபிடித்துவிட்டார். கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கடிதம் போனது, அட்டை போனது என்று நான் மனதுக்குள் மூட்டை கட்டிவிட்டேன். புதுத் துணிக்கு நாங்கள் வைப்பது, கெட்டது அண்டாது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

"ஆனால் நான் போடும்போது இது புதிது இல்லையே," என்றார். "புதிதாகப் போட்டது நீங்கள். அப்படியானால் இந்தப் பொட்டு யாருக்கு?"

அவர் கேலி செய்கிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று தெரியவில்லை. அம்மா சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே.  மனதில் கட்டிய மூட்டையைப் பிரிக்காமலே நான்கு நாள் வேலை பார்த்தேன். ஐந்தாம் நாள் மேசையில் கடிதம் இருந்தது, கையெழுத்தோடு. இனித் தன் துணியில் மஞ்சள் வேண்டாம் என்று கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அந்தக் கோட்டையோ அவர் தூக்கிப் போடவில்லை. ஏன் என்று கேட்கப் பயம். ஒரு ஷோவுக்குப் போட்டுக்கொண்டு போய்ப் பத்திரிகையிலும் வந்துவிட்டார். படத்தில் பொட்டுத் தெரியவில்லை. முழங்கை மடிப்புத் தெரிந்தது. அது என்னுடைய மடிப்பு.

இந்தத் திங்கட்கிழமை கறுப்புக் கோட்டு வந்தது. அம்மா கட்டாயம் கேட்பார். என் பழைய பெனியனின் கழுத்துக்குள் மஞ்சளைத் தொட்டு வைத்தேன். பெனியன் புதிதில்லை, கோட்டு என்னுடையதில்லை. ஒன்றின் மேல் ஒன்றை மாட்டிக்கொண்டு, கையை நன்றாக மடக்கி, வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.