ஐந்தாவது அறையின் சாவி

அருப்புக்கோட்டையில் எங்கள் கிறிஸ்தவ வேதக்கோயிலுக்குப் பின்னால் ஐந்து ஓட்டு அறைகள் இருந்தன. கதியற்ற விதவைகள் வாடகையில்லாமல் தங்கிக்கொள்ள என்றோ ஒரு வியாபாரி எழுதிவைத்தவை. சாவிகள் கோயில் கணக்கைப் பார்த்த என் பெரியப்பாவிடம் இருந்தன. நான்கு அறைகளில் ஆள் இருந்தது. ஐந்தாவது பூட்டிக் கிடந்தது.

யுத்த காலம். பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஓர் அக்கா, கைப்பிள்ளையோடு சந்தைக் கொட்டகையில் தங்கியிருந்தாள். புருஷனின் ஊர் பரளச்சி. அங்கே வீடு இருந்த இடத்தில் சுவர்கூட மிச்சமில்லை என்று திரும்பியிருந்தாள். பெரியம்மா கொடுத்தனுப்பும் கஞ்சியை நான்தான் கொண்டுபோவேன். எனக்கு எட்டு வயது.

அந்த வருஷம் பார்த்து ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. வருஷமெல்லாம் வானத்தைத் திட்டிய ஊர், அந்த வாரம் ஒழுகும் கூரையைத் திட்டியது. பிள்ளைக்கு நெஞ்சுச்சளி. பெரியப்பா சாவியோடு என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கே போனார். இரக்கமுள்ளவர்தான், எழுதிவைத்ததை மீறத் தெரியாதவர்.

"புருஷன் தவறிட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லு தாயி. இப்பவே கதவத் திறந்துவிடுறேன்."

"எப்படிய்யா சொல்லுவேன்? வார வழியில காய்ச்சலோட மரத்தடியில உக்காந்தவுக, 'நீ பிள்ளையத் தூக்கிட்டு முன்னால போ, பின்னாலயே வாரேன்'னுதான சொன்னாக."

"எட்டு மாசமாச்சே தாயி."

"மெதுவாத்தான் நடப்பாக."

பெரியப்பா சாவியை மடியில் செருகிக்கொண்டு திரும்பினார்.

எனக்கு அது மிகச் சுலபமான காரியமாகத் தெரிந்தது. ஒரு வார்த்தைதானே. மறுநாள் காலிப் பாத்திரத்தோடு வந்து, "அவுக செத்துட்டாகளாம். அந்தக்கா என்கிட்ட சொல்லி அழுதுச்சு" என்றேன். பெரியப்பா ஒரு கேள்வியும் கேட்காமல் கோயில் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அவருக்கும் அந்த வார்த்தை வேண்டியிருந்ததோ என்னவோ.

"அய்யா மனசு மாறிட்டாக" என்று அக்காவை நானே அழைத்துவந்தேன். பிள்ளை காய்ந்த தரையில் அயர்ந்து தூங்கியது.

புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கோடிச் சேலை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளுக்குப் பிறந்த வீடும் இல்லாததால், மூன்றாம் நாள் கோயில் பெண்களே சேர்ந்து ஒரு வெள்ளைச் சேலை கொண்டுவந்தார்கள். புதுச் சேலை என்ற சந்தோஷத்தில் நான் முன்னால் ஓடினேன். வாசலிலேயே பெண்களின் அழுகை தொடங்கிவிட்டது. தாலியைக் கழற்றப் பெரியம்மா கையை நீட்டியதும், அக்கா அதை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"யாரு சொன்னா? எங்கேருந்து சேதி வந்துச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரூமுக்காகத்தான் சொன்னேன்" என்றேன்.

"பொய்யா பாப்பா? பொய்தானா?"

தலையாட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே பிள்ளையைத் தூக்கினாள்.

"பிள்ளைக்காகவாவது இரு தாயி" என்றார் பெரியம்மா.

"இங்கன இருந்தா அவுக இல்லேன்னு ஆயிருமேம்மா."

மழை விட்டிருக்கவில்லை. பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடந்தாள். பெரியப்பா வெகுநேரம் கதவருகில் நின்றார், பிறகு பூட்டினார்.

அவ்வளவு நல்ல புதுச் சேலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் போகிறாளே என்றுதான் எனக்கு அப்போது வருத்தமாக இருந்தது.