வளைந்த இசைத்தட்டோடு ஸ்பிரிங்வெளிக்கு

எங்கள் பதுளைக்கு ரயில் பாதை இன்னும் வந்து சேரவில்லை. கொழும்பில் எதை வாங்கினாலும் பண்டாரவளையில் இறக்கி, பதினெட்டு மைல் மாட்டுவண்டியில்தான் கொண்டுவர வேண்டும். போன மாசியில் அப்படி வந்தபோது, வழியில் சாப்பிட இறங்கிய நான் ஓர் இசைத்தட்டை வண்டியிலேயே வெயிலில் விட்டுவிட்டேன். மலை வெயில்தானே என்ற மெத்தனம். வீட்டில் உறையைப் பிரித்தால், தட்டு பொரித்த அப்பளம்போல நெளிந்து கிடந்தது.

என் தட்டாக இருந்தால் நாலு நாள் புலம்பிவிட்டு ஆறிப்போயிருப்பேன். இது என் மனைவி மீனாட்சி கேட்டது. எங்கள் துணிக்கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குப் பாட்டுப்பெட்டி வந்து மூன்று வருடம் ஆகிறது. இருபத்தொரு தட்டுகளும் நான் பொறுக்கியவை. அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒரு கும்மிப் பாட்டைத்தான். விற்ற கடையில் அதுவே கடைசித் தட்டு.

"நிமித்திக் காட்டுறேன் பாரு" என்றேன்.

"காட்டுங்க" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வீம்பாகவும் இருந்தது.

சூடு வளைத்ததைச் சூட்டால்தான் நிமிர்த்த முடியும். வீட்டு அடுப்பில் காட்டினால் உருகிவிடும். சீரான சூடு தேயிலை காயவைக்கும் தொழிற்சாலையில் உண்டு. தோட்டத்து மக்கள் அதை ஸ்டோர் என்பார்கள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலையைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கராக இருக்கும் அந்தோணி எங்கள் கடையில் துணி எடுப்பவர். தட்டை நடுவில் வைத்து அழுத்த, சுவரில் மாட்டியிருந்த என் புகைப்படத்தின் கண்ணாடியையும் இன்னொரு படத்தின் கண்ணாடியையும் கழற்றிக் கட்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு நானும் வண்டிக்காரரும் கிளம்பினோம். ஐந்து மைல், முழுக்க ஏற்றம். வண்டிக்கூலி போகவர ஒன்றரை ரூபாய். பாதி வழியில் தூறல் பிடித்தது. குடையைத் தட்டுக்குப் பிடித்தேன்.

"மொதலாளி, நீங்கதான் நனையிறீங்க" என்று வண்டிக்காரர் சிரித்தார்.

"நான் வளைய மாட்டேன், நீங்க ஓட்டுங்க" என்றேன்.

ஏழரைக்கு ஸ்டோரை அடைந்தோம். அந்தோணி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்து மணிக்குத் தொரை வந்துருவாரு. அதுக்குள்ள முடிச்சுக்கணுங்க" என்றார். காயவைக்கும் இயந்திரத்திலிருந்து நாலடி தள்ளி, கை பொறுக்கிற சூடு உள்ள இடத்தைத் தடவியே கண்டுபிடித்தார். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே தட்டை வைத்துக் கால்மணி நேரம் காட்டினோம். பிறகு வெளியே எடுத்து மேலே பாரம் ஏற்றினோம். எனக்குப் பொறுக்கவில்லை, ஐந்தே நிமிடத்தில் கண்ணாடியைத் தூக்கிவிட்டேன். தட்டு பழையபடி நெளிந்துகொண்டது.

"ஆறாம எடுத்தா எப்புடிங்க?" என்று அந்தோணி கடிந்துகொண்டார்.

மறுபடியும் சூடு காட்டினோம். இந்த முறை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஒன்பதே முக்காலுக்கு அந்தோணியே கண்ணாடியை எடுத்தார். ஓரத்தில் ஓர் அலை மட்டும் மிச்சம். துரையின் குதிரை கண்ணில் படுமுன் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

பகல் பதினொன்றரைக்கு வீடு வந்து, தட்டைப் பெட்டியில் ஏற்றி, ஊசியை எடுக்கப் போனேன்.

"தள்ளுங்க" என்றாள் மீனாட்சி. "எனக்குப் பக்குவம் தெரியாதுன்னு மூணு வருசமா தொட விடல. வெயில்ல வச்சது யாரு?"

தள்ளி நின்றேன். அவளே சாவி கொடுத்தாள், அவளே ஊசியை வைத்தாள். அலையில் ஏறி இறங்கினாலும் ஊசி தவறவில்லை. கும்மிப் பாட்டு முழுசாக ஓடியது. நான் வைத்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அவள் வைத்தபோது அதுவும் இல்லை.

தட்டோடு மலையேறுகிறவர்களுக்கு: வண்டியை விட்டு இறங்கினால் தட்டையும் இறக்குங்கள். வளைந்துபோனால் மிதமான சூடு போதும்; ஆறும்வரை தொடாதீர்கள். தட்டு யாருக்காக வாங்கப்பட்டதோ, அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்போது என் தட்டுகளைப் போடவும் மீனாட்சியிடம் கேட்கவேண்டியிருக்கிறது. கேட்டதும் விடுகிறாள். நான்தான் மூன்று வருடம் விடவில்லை.